கறுப்பு பீர், கறுப்பு கேக்

சாக்லேட் கேக் மாவில் பீர் ஊற்றுவது எதற்காக? இந்தக் கேள்விக்குப் பலரிடமும் இரண்டு பதில்கள்தான் இருக்கின்றன. பீரில் உள்ள குமிழி கேக்கை உப்ப வைக்கும் என்பது ஒன்று. பீர் சேர்த்தால் கேக்குக்கு ஒரு கிக் வரும் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. குமிழியும் அடுப்பில் நிற்காது, போதையும் பெரும்பாலும் நிற்காது. அடுப்பின் சூட்டையும் தாங்கி, வெட்டிய துண்டில் நம் நாக்கு வரை வந்து சேருவது வறுத்த தானியத்தின் கசப்பும், முளைகட்டிக் காயவைத்த தானியமான மால்ட்டின் மெல்லிய இனிப்பும்தான். அதனால் கேக்கில் பீர் ஊற்றலாமா கூடாதா என்று வாதாடுவதற்கு முன் எந்த பீர் என்று கேட்க வேண்டும். பீருக்குப் பேர்போன பெங்களூருவில்கூட இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கையில் கிடைத்த மஞ்சள் பீரை ஊற்றிவிட்டு, பெயருக்கு மட்டும் பீர் கேக் என்று பெட்டியில் எழுதினால் நல்ல வெண்ணெயும் நல்ல கோகோவும்தான் வீணாகும்.

கறுப்பு பீரும் சாக்லேட்டும் ஏன் இப்படி ஒத்துப்போகின்றன என்பதற்குச் சமையலறையிலேயே விடை இருக்கிறது. காப்பிக்கொட்டை வறுபடும்போதும், உளுந்து சிவக்கும்போதும், தோசையின் ஓரம் முறுகும்போதும் நடப்பது ஒரே வேதிவினை. அவற்றில் உள்ள சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912இல் லூயி கமீல் மைலார்டு என்ற பிரெஞ்சு அறிஞர் இதை விவரித்ததால் அவர் பெயரே அந்த வினைக்கு நிலைத்துவிட்டது. கோகோ விதை புளித்து, காய்ந்து, வறுபட்ட பிறகுதான் அதில் சாக்லேட் வாசனையே பிறக்கிறது. ஸ்டவுட் எனப்படும் கறுப்பு பீருக்கான பார்லியும் இதேபோல் வறுபட்டு வருவதுதான். 1817இல் டேனியல் வீலர் என்பவர் இங்கிலாந்தில் மால்ட்டைக் கருக வறுப்பதற்கு ஒரு சுழலும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்றதுதான் அதுவும். அன்றிலிருந்துதான் சிறிதளவு மால்ட்டைக் கொண்டே பீரைக் கன்னங்கரேலென்று ஆக்க முடிந்தது. ஆக கோகோ, காப்பி, கறுப்பு பீர் மூன்றும் வறுகலத்தில் பிறந்த உடன்பிறப்புகள். ஒன்றோடொன்று சேரும்போது சண்டை வராததற்கு அதுவே காரணம்.

இப்போது ஒவ்வொரு பீரையும் 175 டிகிரி அடுப்புக்குள் அனுப்பிப் பார்ப்போம். நம் ஊரில் அதிகம் விற்கும் லாகர், வெளிறிய மால்ட்டில் செய்தது. சில்லென்று குடிப்பதற்கென்றே வடிவமைத்தது. அதன் அழகு குளிர்ச்சியிலும் நுரையிலும் இருக்கிறது. இரண்டும் அடுப்பில் போய்விட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய தண்ணீர். கோகோவின் கனத்துக்கு முன்னால் அதன் குரல் எடுபடாது. கோதுமை பீர் பெங்களூருவின் செல்லப்பிள்ளை. வாழைப்பழமும் கிராம்பும் கலந்த வாசனை அதற்கு. ஆனால் அந்த வாழைப்பழ மணம் எளிதில் ஆவியாகும் வகை. கேக் வேகும்போது வீடெல்லாம் மணக்கும், கேக்கில் இருக்காது. ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வகை பீர் இதற்கு நேர்மாறு. ஹாப்ஸ் பூவின் நறுமணம் பறந்துவிட, அதன் கசப்பு மட்டும் ஆவியாகாமல் அப்படியே தங்கிவிடும். நீர் வற்ற வற்ற அது இன்னும் கூர்மையாகும். வேப்பம்பூ ரசத்தில் வேப்பம்பூ கைதவறிக் கொட்டிவிட்டதுபோல் ஒரு கசப்பு தொண்டையில் நிற்கும். ஸ்டவுட்டிலோ வாசனையின் பெரும்பங்கு ஆவியாகாத கரும்பொருள்களில் இருக்கிறது. மால்ட்டின் புளிக்காத மாவுச்சத்துத் துணுக்குகள் கேக்கின் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. பால் சர்க்கரை சேர்த்த ஸ்டவுட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஈஸ்ட்டால் அந்தச் சர்க்கரையைத் தின்ன முடியாது, அதனால் இனிப்பு அப்படியே இருக்கும். இங்கிலாந்தின் சமையல் எழுத்தாளர் நைஜெல்லா லாசன் 2004இல் வந்த தம் ‘ஃபீஸ்ட்’ நூலில் சாக்லேட் கேக்குக்கு கின்னஸ் ஸ்டவுட்டை எடுத்துக்கொண்டதும் சரியான தேர்வு. உலகெங்கும் வீட்டுச் சமையலறைகளில் இந்த கேக் பரவியதில் அந்தக் குறிப்புக்குப் பெரும் பங்குண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அங்கேயே காய்ச்சும் லயன் ஸ்டவுட் உண்டு. 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதால் அளவைக் குறைத்துத் தண்ணீர் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பெங்களூருவில் கேக்கும் பீரும் தனித்தனியாக வந்தவை அல்ல. 1809இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படையை இங்கே மாற்றிக் கன்டோன்மென்ட் அமைத்தார்கள். சிப்பாய்களோடும் அவர்களை அண்டிப் பிழைத்தவர்களோடும் தமிழர்களும் பெருந்திரளாக வந்து அல்சூர், சிவாஜி நகர் பக்கங்களில் குடியேறினார்கள். அந்தப் படைக்கு ரொட்டியும் வேண்டும், பீரும் வேண்டும். ரொட்டி அடுப்புகள் பெருகின. பீர் நீலகிரியின் குளிரிலும் பெங்களூருவின் இதமான தட்பவெப்பத்திலும் காய்ச்சப்பட்டது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து மதுவடி ஆலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கினார். அதில் ஒன்றான கேசில் புரூவரியின் கதை 1857 வரை பின்னோக்கிப் போகிறது. அந்த நிறுவனத்தின் பழைய ஆலை நின்ற இடத்தில்தான் இன்று யூ.பி. சிட்டியின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. கேக் பக்கம் பார்த்தால் ஹாசனிலிருந்து வந்த திருமலாச்சார் 1898இல் சிக்பேட்டையில் பி.பி. பேக்கரியைத் திறந்து ஐயங்கார் பேக்கரி மரபுக்கு வழி வகுத்தார். பிரேசர் டவுன் ஆல்பர்ட் பேக்கரி 1902 முதல் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக ஒரே ஊரில், சில கிலோமீட்டர் இடைவெளியில் பார்லியும் மைதாவும் புளித்துக்கொண்டே இருந்தும் இரண்டும் ஒரு பாத்திரத்தில் சேராததற்குக் காரணம் உண்டு. ஐயங்கார் பேக்கரியில் முட்டைக்கே இடமில்லை, பீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். மறுபக்கம், பெரிய ஆலைகள் லாகரையே மலைமலையாகக் காய்ச்சின. கேக்குக்கு ஏற்ற கறுப்பு பீர் சுலபத்தில் கைக்குக் கிடைக்கவில்லை. 2010ஐ ஒட்டி இந்திரா நகரின் டாய்ட், லாவெல் சாலைப் பக்கத்தில் தி பியர் கிளப் என்று சிறு மதுவடிப்பகங்கள் வரத் தொடங்கிய பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. வறுத்த மால்ட்டில் உள்ளூரிலேயே புதிதாகக் காய்ச்சிய ஸ்டவுட் இந்த நகரத்துக்கு வந்தது. ஆகவே இந்த கேக்கை வெளிநாட்டுப் பகட்டு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இதற்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. கோகோகூடப் பக்கத்திலேயே விளைகிறது. தட்சிண கன்னடத்தின் புத்தூரில் காம்ப்கோ கூட்டுறவு 1986 முதல் சாக்லேட் ஆலை நடத்துகிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிர்.

குமிழி விஷயத்துக்கு வருவோம். பீரில் கரைந்துள்ள வாயு, வெண்ணெயோடு சேர்த்துச் சூடாக்கும்போதே வெளியேறிவிடும். கேக்கை உப்ப வைப்பது சமையல் சோடா. சோடா வேலை செய்ய ஒரு புளிப்பு வேண்டும். பீர் புளித்த பானம்தானே, அதன் அமிலத்தன்மை ஏறக்குறைய மோருக்குப் பக்கத்தில் நிற்கும். கட்டித் தயிரும் காரம் சேர்க்காத இயல்பான கோகோ தூளும் அதற்குத் துணை. கடைகளில் கிடைக்கும் மிகக் கறுத்த டச்சு முறைக் கோகோவில் அந்தப் புளிப்பை முன்பே நீக்கியிருப்பார்கள். அதை மட்டும் போட்டு சோடாவையும் அள்ளிவிட்டால் கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். பெங்களூருக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உயரம். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் வாயு அதிகமாக விரியும். அமெரிக்கச் சமையல் நூல்கள் 3,000 அடியிலிருந்து அளவை மாற்றச் சொல்கின்றன, பெங்களூரு சரியாக அந்த வரம்பில் உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் நன்றாக வந்த கேக் இங்கே நடுவில் குழி விழுந்தால் அடுப்பைத் திட்டாமல் சோடாவில் ஒரு சிட்டிகை குறைத்துப் பார்க்கலாம்.

செய்முறை எளிது. எட்டு அங்குல டின் இரண்டுக்கு 250 மில்லி ஸ்டவுட், 200 கிராம் வெண்ணெய், 70 கிராம் கோகோ, 300 கிராம் சர்க்கரை, 250 கிராம் மைதா, 150 கிராம் கட்டித் தயிர், இரண்டு முட்டை, ஒன்றரை டீஸ்பூன் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. பீரை அளப்பதில்தான் முதல் சிக்கல் வரும். அளவுக் கோப்பையில் ஊற்றினால் பாதி நுரை. அந்த நுரையையும் சேர்த்து அளந்தால் நீர் குறைந்து கேக் வறண்டுபோகும். கால் மணி நேரம் முன்பே அகலப் பாத்திரத்தில் ஊற்றி அடங்க விடலாம், இல்லையென்றால் தராசில் 250 கிராம் நிறுத்துக்கொள்ளலாம். அடி கனமான பாத்திரத்தில் பீரையும் வெண்ணெயையும் போட்டு, வெண்ணெய் உருகும் வரை மட்டும் சிறு தீயில் வைக்க வேண்டும். கொதிக்கவிட்டு வற்ற வைக்கக் கூடாது, கசப்பு ஏறும். இறக்கிய சூட்டிலேயே கோகோவையும் சர்க்கரையையும் கொட்டிக் கலக்கினால் கோகோ வெந்து அதன் மணம் திறக்கும். பீரின் தனி வாசனை மறைந்து, வறுத்த வேர்க்கடலையும் காப்பியும் கலந்த ஒரு மணம் மேலெழுவது அப்போதுதான். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தயிரும் முட்டையும், கடைசியில் சலித்த மைதாவும் சோடாவும். மாவு இட்லி மாவைப் போல் இருக்காது, ஆப்ப மாவைப் போல் ஓடும். புதிதாகச் செய்பவர்கள் இங்கே பயந்துபோய் இன்னும் ஒரு கரண்டி மைதா போடுகிறார்கள். அந்த ஒரு கரண்டிதான் கேக்கைக் கெடுப்பது. ஓடும் மாவே வேண்டும். 175 டிகிரியில் முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம், நடுவில் குத்திய குச்சியில் ஈரத் துணுக்கு ஒன்றிரண்டு ஒட்டும்போதே எடுத்துவிட வேண்டும்.

ஒரே கேக்காகச் சுடாமல் அடுக்காகச் செய்வதும் அழகுக்காக மட்டும் இல்லை. இவ்வளவு நீர்த்த மாவை ஆழமான டின்னில் ஊற்றினால் ஓரம் காயும், நடு வேகாது. இரண்டு டின்னில் பிரித்தால் சீராக வேகும், மேலே கூம்பாமல் தட்டையாக இருக்கும். வீட்டு ஓ.டி.ஜி. அடுப்புகளில் பெரும்பாலும் ஒரு டின்தான் கொள்ளும் என்பது நடைமுறைத் தொல்லை. முதல் டின் வேகும் அரை மணி நேரமும் இரண்டாவது டின்னில் இருக்கும் மாவில் சோடா சும்மா இருக்காது. வாயு முழுக்க வெளியேறி அந்த அடுக்கு அடையாக வரும். மைதாவையும் சோடாவையும் சமமாக இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஈரக் கலவையின் பாதியோடு ஒரு பங்கை மட்டும் சேர்த்து முதலில் சுட்டுவிட்டு, மீதியை அடுப்பு காலியான பிறகு கலப்பதே இதற்கு வழி. இரண்டு அடுக்கும் முழுதாக ஆறியபின் நடுவிலும் மேலும் பூசும் க்ரீமில் இனிப்பைக் குறைத்து லேசான புளிப்பு வைத்தால் ஸ்டவுட்டின் கசப்பு எடுப்பாகத் தெரியும். க்ரீம் சீஸ், அது இல்லாவிட்டால் துணியில் கட்டி நீர் வடித்த தயிரை வெண்ணெயோடு அடித்தது போதும். வெண்ணெய் க்ரீம் சென்னை வெயிலில் வழிந்துவிடும். பெங்களூரு அந்த வகையில் கேக்குக்கு வாய்த்த ஊர்.

மது கலந்த பண்டத்தைக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. அடுப்பில் வைத்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்று பலர் சொல்வது உண்மையில்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மாவோடு கலந்து அரை மணி நேரம் சுட்டால் சுமார் 35 சதவீதம் தங்குகிறது. ஒரு மணி நேரம் ஆனாலும் 25 சதவீதம் தங்குகிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5 சதவீத பீர் 250 மில்லியில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால். சுட்டபின் தங்குவது மூன்றரை கிராம். கேக்கைப் பன்னிரண்டு துண்டாக்கினால் துண்டுக்கு 0.3 கிராமுக்கும் குறைவு. ஒரு சிறிய பாட்டில் பீரில் உள்ள அளவு உடலில் சேர வேண்டுமானால் 40 துண்டுக்கு மேல் தின்ன வேண்டும். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த சாதாரண ரொட்டியிலும் சிறிதளவு ஆல்கஹால் இருக்கவே செய்கிறது. கள் விட்டுப் புளிக்க வைத்த ஆப்பத்தைத் தமிழ்நாட்டின் தென்கோடியிலும் கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளுக்கு ஊட்டியிருக்கிறார்கள். கேக்குக்கும் மதுவுக்கும் உள்ள உறவு தென்னிந்தியாவுக்குப் புதிதும் அல்ல. 1883இல் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு சுட்ட, இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று சொல்லப்படுகிற அந்த கேக்கிலேயே உள்ளூர் முந்திரிப்பழச் சாராயம் சேர்ந்திருந்ததாகக் கூறுவார்கள். டிசம்பர் வந்தால் பெங்களூரு பேக்கரிகளில் ரம்மில் ஊறிய பிளம் கேக்கை வரிசையில் நின்று வாங்குகிறோம். அதற்கு இல்லாத தடை பீருக்கு மட்டும் ஏன்?

ஆனால் இந்தக் கணக்கைக் காட்டி யாரையும் சம்மதிக்க வைக்கக் கூடாது. மத நம்பிக்கையாலோ விரதத்தாலோ ஒரு துளியும் வேண்டாம் என்பவருக்கு 0.3 கிராமும் ஒரு துளிதான். குடியை விட்டு மீண்டவருக்கு அளவைவிட அந்தச் சுவையும் நினைவும் ஆபத்து. கர்ப்பிணிகள் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. குழந்தைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது பெற்றோரின் முடிவு. அந்த முடிவை எடுக்க அவர்களுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் கேக் சுட்டு விற்பவர்கள், அலுவலகப் பிறந்தநாளுக்கு கேக் கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் பெட்டியின் மேலேயே ‘பீர் சேர்த்தது, முட்டை சேர்த்தது’ என்று தெளிவாக எழுத வேண்டும். சாப்பிட்ட பிறகு சிரித்துக்கொண்டே சொல்வது நம்பி வாங்கித் தின்றவருக்குச் செய்யும் துரோகம்.

பீரின் இடத்தில் காப்பி டிக்காஷன் ஊற்றினால் போதாதா என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி. ஃபில்டர் காப்பியில் ஊறிய ஊர் இது. டிக்காஷனும் வறுத்த கசப்புதான், கோகோவின் ஆழத்தைக் கூட்டுவதில் அது ஸ்டவுட்டுக்குச் சற்றும் இளைத்ததில்லை. ஆனால் டிக்காஷனில் மால்ட் இல்லை. காப்பி போட்ட கேக் கூர்மையாக இருக்கும், ஸ்டவுட் போட்ட கேக் உருண்டு திரண்ட சுவையோடு ஈரமாக இருக்கும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தாண்ட முடியாத வித்தியாசம் இல்லை. மதுவே வேண்டாம் என்பவர்களுக்குக் கர்நாடகம் தன் மண்ணிலேயே ஒரு மாற்றை வைத்திருக்கிறது: கேழ்வரகு. தானியங்களில் பார்லிக்கு அடுத்தபடி நன்றாக முளைகட்டி மால்ட் ஆகக்கூடியவற்றில் அதுவும் ஒன்று. முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகைக் கருகாமல் நன்கு சிவக்க வறுத்து அரைத்து, இரண்டு மேசைக்கரண்டி மாவை 250 மில்லி நீர்த்த டிக்காஷனில் கரைத்து பீருக்குப் பதில் ஊற்றலாம். வறுத்த மணம் ஒன்றிலிருந்தும் மால்ட் இனிப்பு மற்றதிலிருந்தும் வரும். புளிப்புக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. பீர் உள்ளே செய்கிற வேலை இன்னது என்று தெரிந்துவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆளையும் வைக்க முடியும். பீர் விரும்புகிறவர்களுக்கும் தானியத்தின் பக்கம் இன்னொரு வழி உண்டு. மால்ட்டிலிருந்து சாறு இறக்கிய பிறகு மிஞ்சும் சக்கை, நகரத்தின் மதுவடிப்பகங்களில் தினமும் குவிகிறது. பெரும்பாலும் அது மாட்டுத் தீவனம். அதை உலர்த்தி மாவாக்கி மனிதர் உணவாக்கும் வேலையை சேவிங் கிரெயின்ஸ் என்ற பெங்களூரு முயற்சி செய்கிறது. மைதாவில் பத்தில் ஒரு பங்கை அந்த மாவாக மாற்றினால் கேக்கில் நாரும் வரும், மால்ட் மணமும் கூடும்.

இவ்வளவையும் பார்த்தபின் என் முடிவு இது: கறுப்பு ஸ்டவுட் கிடைத்தால் இந்த கேக்கைச் செய்யுங்கள், லாகர் மட்டுமே இருந்தால் டிக்காஷனை ஊற்றுங்கள். செய்த அன்றே வெட்ட வேண்டாம். சுட்ட அன்று கசப்பு ஒரு பக்கமும் இனிப்பு ஒரு பக்கமுமாக நிற்கும். ஓர் இரவு மூடி வைத்தால் ஈரம் எங்கும் பரவி இரண்டும் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருகிறார்கள் என்றால் சனிக்கிழமை மாலையே சுட்டு வையுங்கள்.